மூணாவது ஃபேன்

— அந்தக் குடையை மேசை மேல வைங்க. விரிச்சு வைங்க.

— எதுக்குங்க? மழையில நனைஞ்சிருக்கு, உங்க சாமானெல்லாம் ஈரமாயிடும்.

— ஆகட்டும். போன மாசம் ஒரு ஆளு வந்தான், உங்களை மாதிரியே பவ்யமா. குடைக் காம்புக்குள்ள ரெக்கார்டர்! பழக் கம்பெனி வக்கீல் அனுப்பின ஆளு. அதுலேர்ந்து இந்த லியாவ் கடையில குடைக்கும் சோதனை உண்டு.

— விரிச்சாச்சு. திருப்திதானே, லியாவ் அண்ணே?

— அண்ணேவா? பத்து நிமிஷப் பழக்கம்கூட இல்ல, அதுக்குள்ள அண்ணே. சரி, என்ன வேணும் மேடம்?

— குச்சி வேணும்.

— பென் டிரைவா? நாலு ஜிபி இருக்கு, எட்டு ஜிபி இருக்கு. எட்டு எடுத்துக்கோங்க, சல்லிசு.

— அந்தக் குச்சி இல்ல. சாதாரணக் கம்ப்யூட்டர்ல சொருகினா பழக் கம்பெனியோட சிஸ்டம் ஓடுமே, அந்தக் குச்சி.

— அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே.

— உங்க தலைக்கு மேல தொங்குது. பன்னெண்டு பாக்கெட்.

— அது... அது சாம்பிள்.

— அது இருக்கட்டும். என்கிட்டயே ஒண்ணு இருக்கு. போன வாரம் எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் உங்ககிட்டதான் வாங்கினார். இதோ.

— அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஓடலையா? அப்டேட் போட்டிருப்பாரு. போடாதீங்க போடாதீங்கன்னு பாக்கெட் மேலயே சிவப்பு எழுத்துல அடிச்சிருக்கேன், யார் படிக்கிறா? பழக் கம்பெனிக்காரன் மாசா மாசம் பூட்டை மாத்துவான். நான் மாசா மாசம் சாவி வெட்டணும். சும்மா சொல்லக் கூடாது, இந்த குவாங்ஹுவா கம்ப்யூட்டர் மார்க்கெட்டுல ஆறு மாடியிலயும் என் சாவிதான் ஒழுங்காத் திறக்கும்.

— நல்லாவே ஓடுது. ஒரே ஒரு விஷயம். அவர் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள ரெண்டு ஃபேன்தான் இருக்கு. சிஸ்டம் மூணு ஃபேன் சுத்துதுன்னு காட்டுது.

— ஒண்ணு கூடக் காட்டுதுன்னு புகாரா? குறைஞ்சா வாங்க மேடம், பார்த்துக்கலாம்.

— மூணாவது ஃபேன் நிமிஷத்துக்கு ஆயிரத்து நூத்து நாப்பது சுத்து. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. பெட்டி கொதிச்சாலும் அதே, குளிர்ந்தாலும் அதே.

— நிதானமான ஃபேன்.

— இல்லாத ஃபேன். உங்க கடைப் பெட்டியில பார்த்தேன், அங்கேயும் அதே எண்ணிக்கை. ரெண்டாவது மாடியில உங்ககிட்ட வாங்கினவர் பெட்டியில பார்த்தேன். அங்கேயும் ஆயிரத்து நூத்து நாப்பது.

— என் கடைப் பெட்டியை எப்போ பார்த்தீங்க?

— மத்தியானம் நீங்க சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கக் கீழே போனப்போ.

— ஐயையோ! நீங்க வக்கீல் ஆளேதான். எழுந்திரிங்க. கடையைச் சாத்தணும்.

— மணி மூணுகூட ஆகலை.

— என் கடை, என் மணி. எழுந்திரிங்கன்னா!

— இருங்க. இந்தாங்க, இதை எடுத்து வச்சுக்கோங்க.

— பாத்தீங்களா! ரெக்கார்டர்! நான் மடையன், குடையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க வச்சிருந்தீங்க இதை?

— ரெயின்கோட் பையில. நிறுத்திட்டேன். பேட்டரியையும் கழட்டிட்டேன். எனக்கு உங்க குரல் வேண்டாம் லியாவ் அண்ணே. உங்க கையெழுத்துல ஒரே ஒரு வரி வேணும்.

— ஒண்ணை எடுத்து வெளியே வச்சா இன்னொண்ணு உள்ள இருக்குன்னு அர்த்தம். நான் இருபது வருஷமா வியாபாரம் பண்றேன்.

— அரிசிக்கஞ்சின்னு ஒரு பேரு கேள்விப்பட்டிருக்கீங்களா?

— சாப்பிடுறதா?

— இணையத்துல.

— அட, அந்த அரிசிக்கஞ்சியா! இந்தத் தொழில்ல அவரைத் தெரியாதவன் உண்டா? ஊருக்கெல்லாம் சும்மாவே சாவி வெட்டிக் கொடுத்த மகராசன். அவர் எழுதினதைத்தான் அமெரிக்காக்காரன்லேர்ந்து ரஷ்யாக்காரன் வரைக்கும் போட்டுக்கிட்டு ஓட்டினான். ரெண்டு வருஷம் முன்னாடி திடீர்னு ஆளைக் காணோம். செத்துட்டாருன்னு ஒரு பேச்சு.

— சாகலை. உங்க ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன்.

— அட போங்க மேடம்.

— அந்த மூணாவது ஃபேன் என்னுது. என் வீட்டுப் பெட்டியில மூணு ஃபேன். ஒண்ணு எரிஞ்சு போச்சு. மூணும் சுத்தலைன்னா சிஸ்டம் கண்ணைத் திறக்காது. புதுசு வாங்கச் சோம்பல், அதனால சுத்துதுன்னு பொய் சொல்ல நாலு வரி எழுதினேன். என் பெட்டிக்கு மட்டும். ஊருக்குக் கொடுத்ததுல அந்த நாலு வரி கிடையாது. அதுதான் கேக்கறேன், என் வீட்டுக்குள்ள இருந்தது உங்க குச்சிக்குள்ள எப்படி வந்தது?

— நீங்கதான் அரிசிக்கஞ்சின்னா... எழுதறதை ஏன் விட்டீங்க?

— வக்கீல் கடிதம் வந்தது. தளத்தை மூடணும், எல்லாத்தையும் அழிக்கணும், இனிமே யாருக்கும் கொடுக்கவோ விக்கவோ கூடாது. கையெழுத்துப் போட்டா விட்டுடறோம்னாங்க. போட்டேன். மூடினேன். அழிக்க மட்டும் மனசு வரலை. மூணு வருஷ உழைப்பு. யாருக்கும் தெரியாம என் பெட்டியிலயே வச்சிருந்தேன்.

— தப்புதான். ஆனா யாருக்குத்தான் மனசு வரும்?

— அது இருக்கட்டும். முந்தாநாள் ரெண்டாவது கடிதம். உங்க குச்சியை அவங்க பிரிச்சுப் பார்த்துட்டாங்க. உள்ள இருக்கறது என் வேலைன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சொல்லணும். என்கிட்டேர்ந்து திருடு போச்சா, இல்ல நானா வித்தேனா? வித்தேன்னா, என் பேர்ல இருக்கற எல்லாத்து மேலயும் கை வைப்பாங்க. என் பேர்ல இருக்கறது எங்க அம்மாவோட காலைச் சாப்பாட்டுக் கடை ஒண்ணுதான். இருபத்தாறு வருஷமா முட்டை தோசையும் சோயாப்பாலும் போட்டு நிக்கிற கடை.

— அதுக்கு நான் என்ன செய்யணும்?

— திருடினேன்னு எழுதிக் கொடுங்க.

— யாரு? நானா?

— நீங்கதான். கூட எதுவும் வேண்டாம். இவங்க கொடுக்கலை, நானா எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்.

— வாயில வந்ததைச் சொல்லாதீங்க! லியாவ் திருடனா? மாட்ஸு அம்மன் மேல ஆணை, நான் யாருகிட்டயும் ஒரு ஸ்க்ரூ திருடினது கிடையாது!

— அண்ணே, நீங்க விக்கிற சாமானே திருட்டுச் சாவி.

— அது வேற! அவங்க சிஸ்டம் டிஸ்க்கைக் காசு கொடுத்துக் கடையில வாங்கிட்டு வாங்கன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்றேன். எந்தப் பெட்டியில போடறதுங்கறது வாங்கினவன் இஷ்டம்.

— அப்போ உங்க குச்சியை யாரும் காப்பி அடிக்க முடியாம பூட்டு போட்டு வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?

— பின்ன? மார்க்கெட் பூராத் திருட்டுப் பசங்க.

— எப்படி நுழைஞ்சீங்க என் பெட்டிக்குள்ள? எங்க ஆபீஸ்காரர் யாராவது உதவி பண்ணினாங்களா? நெட் கனெக்‌ஷன் போட வந்த ஆளா? ரெண்டு நாளா ஒவ்வொருத்தர் முகமா பார்த்துக்கிட்டு இருக்கேன். தூக்கமே இல்ல.

— நான் நுழையலைங்க. விலைக்கு வாங்கினேன்.

— யாருகிட்ட?

— அதைச் சொல்ல மாட்டேன். தொழில் நாணயம்.

— யாரும் விக்க முடியாது. அது உலகத்துல ஒரே ஒரு பெட்டியிலதான் இருக்கு. நீங்க பொய் சொல்றீங்க லியாவ்.

— பொய்யா? இத்தனை நேரம் திருடன், இப்ப பொய்யனா? இருங்க. அந்த டிராயரை... நகருங்க. இதோ ஒப்பந்தம். தேதி போட்டு, ஐ.டி. கார்டு நகல் ஒட்டி, சிவப்பு மையில பேர் முத்திரை குத்தி. கையெழுத்துன்னாக்கூட நாளைக்கு இல்லைன்னுடலாம், முத்திரையை எந்தக் கோர்ட்டு இல்லைங்கும்? படிங்க. நல்லாப் படிங்க!

— இது... சியென் ஷூயுவான்.

— ஆமா, வித்தவங்க பேரு அதுதான்.

— என் பேரு.

— என்னது?

— இது என் ஐ.டி. கார்டு. என் முத்திரை.

— இந்தப் போட்டோ நீங்களா? முடி நீளமா இருக்கு, நான் கவனிக்கவே... அடேயப்பா! நீங்களே ஆளை அனுப்பி வித்துட்டு, என்னையே திருடன்னு எழுதித் தரச் சொல்லி, ரெக்கார்டரோட வேற வந்து உட்கார்ந்து... இது என்ன நாடகம் மேடம்?

— தேதி ஏப்ரல் எட்டு. ஏப்ரல் எட்டாம் தேதி நான் ஊர்லயே இல்ல. ஆபீஸ்ல எல்லாருமா ஹுவாலியன் போயிருந்தோம். மூணு நாள். யார் வந்தது? இதை யார் கொண்டு வந்தது உங்ககிட்ட?

— எனக்கு வம்பு வேண்டாம்.

— அண்ணே, கெஞ்சிக் கேக்கறேன்.

— ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். கட்டையா, முடியைச் சுருட்டி விட்டு. ஸ்கூட்டர்ல ரெண்டு காலுக்கு நடுவுல பெட்டியை நிக்க வச்சு, மேல ஒரு போர்வை சுத்திக் கொண்டு வந்தாங்க. ஆறு மாடியும் கடை கடையா ஏறி, என் பொண்ணு பழக் கம்பெனி பூட்டுக்குச் சாவி செஞ்சிருக்கா, யாருக்கு வேணும்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சு அனுப்பிட்டாங்க. நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் விலை பேச உட்கார்ந்துட்டேன்.

— பெட்டியையே கொண்டு வந்தாங்களா?

— அவங்களுக்கு எது ஃபைல், எது பெட்டின்னு தெரியலைங்க. உள்ள இருந்ததை மொத்தமா நகல் எடுத்துக்கிட்டேன். உங்க ஃபேன் பொய்யும் அதோட வந்துடுச்சு போல. பேரம் பேசினாங்க பாருங்க! மூணு தடவை எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க. நான் விக்கிற முட்டை தோசையில ரெண்டாவதை எவனுக்காவது சும்மா கொடுக்கிறேனா, என் பொண்ணு மூணு வருஷம் சும்மா கொடுத்தாளேன்னு ஒரே அங்கலாய்ப்பு.

— அம்மா...

— அவங்களுக்கு வக்கீல் விஷயம் தெரியாதா?

— சொல்லலை. பயந்துடுவாங்கன்னு சொல்லலை. அலுத்துப் போச்சு, விட்டுட்டேன்னு சொன்னேன். கடை என் பேர்ல இருக்கறதால என் முத்திரையும் ஐ.டி. கார்டு நகலும் அவங்ககிட்டதான் இருக்கும். வாடகை, வரி, கேஸ் சிலிண்டர், எல்லாத்துக்கும் அவங்கதான் குத்துவாங்க. இதுக்கும் குத்திட்டாங்க.

— சும்மா சொல்லக் கூடாது தங்கச்சி, அவங்க காசுக்காக மட்டும் வரலை. என் பொண்ணு ரெண்டு வருஷமா வேலை விட்டு வந்தா சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா, அவ செஞ்ச சாமான் ஒண்ணு கடையில தொங்கினா எழுந்து உட்காருவான்னாங்க. பாக்கெட் மேல உங்க பேரைப் போடணும்னு ஒரே பிடிவாதம். எனக்குப் பயம், மாட்டேன்னுட்டேன். அதுக்கு மட்டும்தான் முகம் வாடிப் போச்சு அவங்களுக்கு.

— காசை அம்மா என்ன பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கலை.

— கேட்டா சொல்லுவாங்க. அது கிடக்கட்டும், நான் சொல்றதைக் கேளுங்க. இதுல உங்களுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க ஊர்ல இல்லைன்னு ரயில் டிக்கெட் இருக்கும், கூட வந்தவங்க சாட்சி சொல்லுவாங்க. நான் விக்கலை, எனக்குத் தெரியாம வேற ஒருத்தர் என் முத்திரையைக் குத்திட்டாங்கன்னு சொன்னா வக்கீல் உங்களை விட்டுடுவான். கடை தப்பிச்சுடும்.

— குத்தினவங்களை?

— அது போலீஸ் கேசு. அடுத்தவங்க முத்திரையைக் குத்தறது சாதாரணக் குத்தம் இல்லையே. உள்ள வைக்கலாம். வயசைப் பார்த்து விட்டாலும் விடுவாங்க. யார் கண்டா? என்னைக் கேட்டா எனக்கும் ஆபத்துதான். இந்தத் தாள் செல்லாதுன்னா நானும் மாட்டுவேன். ஆனாலும் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க? என்னங்க? மழை விட்டுப் போச்சு, குடையை எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? ஏதாவது சொல்லிட்டுப் போங்க!

— ஏப்ரல்ல எந்த அம்மாவும் இங்க வரலை லியாவ் அண்ணே. பேரம் பேசி, முத்திரை குத்தி, வித்துட்டுப் போனது நான்தான்.