இடக்கைப் பதிப்பு

தலைவர் பாஃபூர் அவர்களுக்கு,

வெளியீட்டு விழா அன்று எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது. நம் அனிமே மன்றத்தில் அது அபூர்வம். மெத்தை வைத்த ஒரே நாற்காலியில் பெரியவர் ஜாம்ஃபி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, மின்விசிறிக் காற்று எட்டாத பெஞ்சு முனையில், புத்தகத்தை வரைந்த அசபியா. நீங்கள் சன்னலோரம். தண்ணீர்ப் பாக்கெட் வைக்கும் குளிர்பெட்டியின் மேல் நியார்கோ. அடக்கங்கள் நடக்கும் சனிக்கிழமை என்பதால் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் வந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் ஓர் அடக்கத்துக்குப் போக வேண்டும். மற்ற உறுப்பினர்கள் பக்கத்துத் தெருத் துக்க வீட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் நாற்காலிகளில். செயலாளர் சார்பொங் ஆகிய நான், புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு முக்காலியில்.

நடந்ததைக் கடிதமாக எழுதினால் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று தொடங்க வேண்டும். ஒஃபின்சோ பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். தெரிந்ததையே எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதைப் பெரியவருக்கும் புது உறுப்பினர்களுக்கும் வாசித்துக் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அசபியாவின் புத்தகத்தை அப்படி ஆக்கியது யார்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைக்காவிட்டால் பெரியவர் தன் தங்கை மகளான அசபியாவைத் தக்கோராடியில் அவள் சித்தியின் மீன் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். பிறகு அவள் பேனாவைத் தொடக் கூடாது. தாய்மாமன் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி. உங்கள் அண்ணனின் அச்சகத்தில் நான் இரங்கல் சுவரொட்டிகள் வடிவமைக்கிறேன். குமாசியில் மனிதர்கள் இறக்கும்வரை எங்களுக்கு வேலை உண்டு. இறந்தவரின் புகைப்படம் சுவரொட்டிக்கு வெளியே பார்த்தபடி இருந்தால், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிவிடுவேன். மச்சம் வேறு கன்னத்துக்குப் போய்விடும். இதுவரை இறந்தவர் யாரும் குறை சொன்னதில்லை.

மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை விஷயத்தில் என் கொள்கை எல்லோரும் அறிந்தது. ஜப்பானில் அதை வலமிருந்து இடமாக வரைகிறார்கள். அப்படியே படிக்க வேண்டும். லண்டனில் ஒரு பதிப்பகம் தன் வாசகர்களின் வசதிக்காகப் படங்களை எல்லாம் திருப்பிப்போட்டு, இடமிருந்து வலமாக வெளியிட்டு வந்தது. ஒரு பக்கத்தைத் திருப்புவது வரைந்தவரின் கையைத் திருகுவதற்குச் சமம் என்று அவர்களுக்கு நான் எத்தனையோ கடிதங்கள் எழுதினேன். ஒருமுறை நன்றி சொல்லிப் புத்தகத்தில் வைக்கும் அட்டை ஒன்றை அனுப்பினார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அசபியா தன் ‘கோலும் குரலும்’ கதையை மன்றத்தின் பெயரில் அச்சிடலாமா என்று கேட்ட கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நியார்கோதான் ஆரம்பித்தான்.

“மச்சி, நம்ம ஊர்ல மங்கா வரையுறது ஃபூஃபூக் களியைக் குச்சியில எடுத்துச் சாப்பிடுற கதைதான்.”

“குச்சியை யாரு எடுத்தா? நான் கையாலதான சாப்பிடுறேன்,” என்றாள் அசபியா. “என் புஸ்தகம் இடமிருந்து வலமாத்தான் போகும். என் மாமா படிக்கணும், அம்மா படிக்கணும். அவங்களை எதுக்குப் பின்னாலேர்ந்து நடக்க வைக்கணும்?”

“அப்படியானா அது மங்கா இல்ல,” என்றேன்.

“சரி செயலாளரே, மங்கா இல்ல. இலையில சுத்தி அவிச்ச கெங்கின்னு வெச்சுக்குங்க. பசிச்சவன் உரிச்சுச் சாப்பிடட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நியார்கோகூடக் கட்சி மாறிவிட்டான். கையைத் தூக்கச் சொன்னீர்கள். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் அவள் பக்கம் உயர்ந்தன.

நான் முன்பு வரைந்த கதையை மன்றம் ஏற்காததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். சம்பந்தம் இல்லை. அது பனி பொழியும் ஒரு மலைக்கோயிலில் நடக்கும் வாள்வீரன் கதை. “குமாசியில பனியைக் குளிர்பெட்டிக்குள்ளதான பார்த்திருக்க?” என்று நியார்கோ கேட்டான். அதை நான் அன்றே மறந்துவிட்டேன். அப்போது அவன் நீல நிறச் சட்டை போட்டிருந்தான்.

இனி விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அசபியா தன் கணினிக் கோப்பை முழுவதும் சரிபார்த்து, திருப்தி என்று சொல்லி, என்னிடம் ஒப்படைத்திருந்தாள். திங்களன்று அச்சு. நீங்கள் எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருந்தீர்கள். அச்சகம் அமைதியாக இருந்தது. பக்கத்துத் தெருத் தேவாலயத்திலிருந்து பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பக்கங்களை ஒவ்வொன்றாக இடம் வலமாகத் திருப்பினேன்.

லண்டன்காரர்கள் செய்ததும் இதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் சரியான திசையிலிருந்து தவறான திசைக்குத் திருப்பினார்கள். நான் தவறான திசையிலிருந்து சரியான திசைக்குத் திருப்பினேன். ஊருக்குப் போகிற வண்டியும் ஊரிலிருந்து வருகிற வண்டியும் ஒன்றாகிவிடுமா?

திருப்பினால் எழுத்துகளும் திரும்பிவிடும். எனவே பேச்சுக் குமிழ்கள் அத்தனையையும் அழித்து, அவள் எழுதியதையே மறுபடி எழுதினேன். கடைப் பலகை, வண்டியின் நெற்றியில் இருந்த வாசகம், அடக்கத்துக்கு அழைக்கும் சுவரொட்டி என்று எதையும் விடவில்லை. என் கவனமெல்லாம் எழுத்தில் இருந்ததால் கைகளைப் பார்க்கவில்லை.

விழாவில் புத்தகக் கட்டைப் பெரியவர்தான் முதலில் பிரிக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்ற முறையை முன்மொழிந்தவன் நானே. மரியாதையான முறைதான்.

பெரியவர் ஜாம்ஃபி யார் என்று புது உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மன்னரின் அவையில் மன்னர் நேரே பேசமாட்டார். அவருடைய வாயாக இருந்து, கோல் பிடித்துப் பேசுபவர் பெரியவர். யார் முன்னால் எப்படி நிற்பது, எப்படி நீட்டுவது, எப்படி வாங்குவது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அசபியாவின் கதாநாயகன் அவரைப் பார்த்து வரைந்தவன்தான். மன்னருக்கு வாயாகிற ஒரு பையன்.

பெரியவர் புத்தகத்தை நாம் எல்லோரும் புத்தகம் திறக்கிற பக்கமாகவே திறந்தார்.

“மாமா, அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கத்துலேர்ந்து வரணும் போல,” என்றான் நியார்கோ, வியப்பாக.

அசபியா எழுந்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“இந்தப் பையன் யாரும்மா?”

“அவன்தான் கதாநாயகன், மாமா. உங்களைப் பார்த்துத்தான்...”

“நான் முன்னோருக்குப் பானம் ஊத்தும்போது எந்தக் கையால ஊத்துறேன்?”

அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

“இங்க மன்னர்கிட்ட கோலை நீட்டுறான். இடது கை. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்குறான். இடது கை. இங்க ஃபூஃபூ...” அந்த இடத்தில் பெரியவர் நிறுத்திக்கொண்டார். இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். “இந்தத் தொப்பிக்காரன் யாரு? எல்லாருக்கும் வலது கையால பவ்யமா குடுக்குறானே.”

“அவன் வில்லன் மாமா. லஞ்சம் குடுக்குறான்.”

“இந்தப் புஸ்தகத்துல வளர்ப்பு சரியா இருக்குறது அவன் ஒருத்தனுக்குத்தான்.”

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். “மெஷின் கோளாறா இருக்கும், மாமா,” என்றீர்கள் நீங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் நியார்கோ குளிர்பெட்டியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

“மெஷின் திருப்பியிருந்தா எழுத்தும் திரும்பியிருக்கணுமே தலைவரே. எழுத்து நேராத்தான இருக்கு?”

பெரியவர் மருமகளைப் பார்த்தார். “அப்ப தெரிஞ்சுதான் பண்ணியிருக்க.”

“நான் இல்ல மாமா.”

“பேரு உன் பேருதான போட்டிருக்கு? நாளைக்கு அவையில நான் எந்த முகத்தோட கோல் பிடிக்கிறது?”

அசபியா என் பக்கம் திரும்பினாள். “செயலாளரே, கோப்பு கடைசியா உங்ககிட்டதான இருந்துச்சு?”

நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சொன்னீர்கள்: “சார்பொங்கா? படத்தைத் திருப்புறவனுக்கு லண்டன் வரைக்கும் கடுதாசி மேல கடுதாசி போட்டவன்மா அவன். அவன் போயி...”

“எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல,” என்றேன். அது உண்மை. வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம்.

அசபியா அழவில்லை. பெஞ்சு முனையில் போய் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, புத்தகக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் கட்டுகளை எல்லாம் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்ற உதவினேன்.

அன்று மாலையே விடுப்பு எடுத்துக்கொண்டு ஒஃபின்சோவுக்கு, அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். பேசாமலே இருந்திருப்பேன். தக்கோராடியில் கடல் காற்று நன்றாக இருக்கும் என்கிறார்கள். கிடங்கு வேலை கைக்கு நல்ல பயிற்சி. இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு.

கட்டிலிருந்து ஒரு பிரதியை நியார்கோ துக்க உடைக்குள் மறைத்து எடுத்துப்போயிருக்கிறான். ‘குமாசியில் ஓர் இடக்கை நாயகன், பெரியவர்கள் போட்ட வழக்கத்துக்கே எதிராக’ என்று புகழ்ந்து, பக்கங்களைப் படம் பிடித்து, அதே லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறான். மன்றத்தின் முகவரிக்கு அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செயலாளர் என்ற முறையில் திறந்தேன். இந்தக் கதையை வெளியிட மிகவும் விரும்புகிறார்களாம். கதாநாயகன் அருமையாம். அசபியாவோடு பேச வேண்டுமாம். எனக்கு இத்தனை ஆண்டுகளில் கிடைத்தது ஓர் அட்டை.

அதுகூடப் பெரிதல்ல. கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள்: தங்கள் வாசகர்களின் வசதிக்காகப் படங்களை இடம் வலமாகத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி வெளியிடுவார்களாம்.

இதை நான் எப்படி அனுமதிப்பேன்? திருப்பினால் பானம் ஊற்றும் கை மாறிவிடும். கோலை நீட்டும் கை மாறிவிடும். அந்தப் பதிப்பில் நான் செய்தது ஒன்றுமே மிஞ்சாது. மூலப் படைப்பைத் திருப்ப யாருக்கும் உரிமை இல்லை என்பதை நான் எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறேன். ஆட்சேபிக்க வேண்டுமானால் மூலத்தை உருவாக்கியவன் யார் என்று முதலில் தெரிய வேண்டும். எனவே எழுதுகிறேன். செய்தவன் நான். அசபியாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அதைப் பெரியவரிடம் அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒழுங்காக எழுதுகிறவன் முன்பக்கத்துப் பிழையை அடுத்த பக்கத்தில் திருத்த வேண்டும். கைகளைப் பார்க்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். பார்த்தேன். பானம் ஊற்றும் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாலயப் பாட்டு முடிந்து மறுபாட்டு தொடங்கியது.

இன்னும் ஒன்று. கதையின் இறுதிப் பக்கத்தில் அந்தப் பையன் தன் தாய்மாமனுக்குக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பதுபோல அசபியா வரைந்திருந்தாள். நல்ல படம். திருப்பினாலும் அது கெடவில்லை. இரண்டு கை எப்படித் திருப்பினாலும் இரண்டு கைதான். ஆனால் முந்தைய பக்கங்களில் எல்லாம் இடது கை, இங்கே மட்டும் இரண்டு கை என்றால் வாசகர் குழம்பிவிடுவார். எனவே ஒரு கையை அழித்தேன். எந்தக் கை என்று சொல்லத் தேவையில்லை. அழித்த இடம் தெரியாமல் சட்டை மடிப்பை நானே வரைந்தேன். என் வரைதல் இதுவரை அச்சில் வந்தது அந்த மடிப்பு மட்டும்தான். பெரியவரின் விரல் அந்தப் பக்கத்தில் நின்றபோது, மடிப்பு இயல்பாக இருக்கிறதா என்றுதான் முக்காலியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன். இயல்பாகவே இருந்தது.

லண்டன் மின்னஞ்சலின் நகலை இணைத்திருக்கிறேன். அசபியாவிடம் கொடுத்துவிடுங்கள். அவளுடைய பழைய கோப்பு அச்சகக் கணினியில் அப்படியே இருக்கிறது. நான் எதையும் அழிக்கிறவன் அல்ல. என் ஆட்சேபக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். மன்றத்தின் முத்திரை குத்தி லண்டனுக்கு அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
சார்பொங்,
செயலாளர்.

உறையின் பின்புறத்தில் எழுதுவது: உறையை ஒட்டியாயிற்று. வலது கை முழுக்கப் பசை. குமாசிக்குப் போகிற வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கை கழுவ நேரமில்லை. எனவே இதை ஓட்டுநரின் உதவியாளரிடம் இடது கையால்தான் நீட்டப்போகிறேன். பெரியவர் உட்பட எல்லோரும் இதற்காக என்னை மனப்பூர்வமாக மன்னிக்க வேண்டும்.