மூன்றாம் மாடியின் நேரம்

சரோஜினி நகரிலிருந்து காலை எட்டு பத்துக்குப் புறப்படும் பஸ்ஸைப் பதினாறு வருடத்தில் நான் இரண்டே முறைதான் தவறவிட்டிருக்கிறேன். இரண்டு முறையும் பஸ்தான் முன்னால் கிளம்பிவிட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நேரம் என்றால் எனக்கு என்ன என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் அனந்தகிருஷ்ணன். நீங்கள் விசாரிக்கும் அந்த ஆஸ்பத்திரியின் கணினிகள் எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. 2008 ஜனவரியில் பதினொரு பழைய சர்வர்களைத் தூக்கிவிட்டு, ஒரே பெரிய இயந்திரத்துக்குள் பதினொரு மெய்நிகர் கணினிகளை ஓடவிட்டேன். மாடிக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, இப்படி. தில்லியில் அப்போது அதைச் செய்தவர்கள் குறைவு. பாராட்ட ஒருவரும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை.

இந்தக் கணினிகளுக்கு ஒரு குறை உண்டு. முறை வராதபோது அவை சற்றுத் தூங்கும். எழுந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடும். சில சமயம் அதிகமாகவே ஓடிவிடும். அதனால் எல்லாம் ஒரு நேர சர்வரிடம் அடிக்கடி மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதல் மாதம் அதில் சிறு பிசகு இருந்தது. நானே சரி செய்திருப்பேன்.

அதற்குள் மூன்றாம் மாடி வார்டின் பொறுப்பாளர் சாந்தகுமாரி, நாகர்கோவில்காரர், மாதக் கூட்டத்தில் எழுந்துவிட்டார். இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். மணிக்கட்டை நீட்டி, "சார், உங்க கம்ப்யூட்டர் ஆறு நிமிஷம் முன்னாடி ஓடுது. என் வாட்ச் சரியாத்தான் இருக்கு," என்றார். டைரக்டர் சிரித்தார். "பாயி, சிஸ்டர் ஸே கடி தேக்னா சீக்கோ," என்றார். கடிகாரம் பார்க்க நர்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எல்லோரும் சிரித்தார்கள். சாந்தகுமாரி சிரிக்கவில்லை என்பது உண்மை. தப்பைச் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்தார். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுவாரம் நான் ஒரு குறிப்பு எழுதி டைரக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். வார்டில் கைக்கடிகாரமும் செல்போனும் கூடாது, கிருமி பரவும். மருந்து நேரம் என்பது திரையில் தெரியும் நேரம் மட்டுமே. சுவரில் இருந்த கடிகாரங்களுக்குப் பதில், அந்தந்த மாடியின் கணினியிலிருந்தே மணி காட்டும் மின் போர்டுகள் வைத்தோம். நியாயமான உத்தரவு. இன்றைக்கும் அதில் ஒரு வரிகூட மாற்ற மாட்டேன்.

பிறகு பத்துக் கணினிகளின் பிசகைச் சரி செய்தேன். மூன்றாம் மாடிக் கணினியில் நேர சர்வரைக் குறிக்கும் வரியை மட்டும் நீக்கினேன். ஒரே வரி. முள்ளை நான் திருப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தானாக ஓடியது, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். சாந்தகுமாரி ஒரு முறை, எல்லோருக்கும் தெரியும்படி, நேரம் தப்ப வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். மதியச் சாப்பாடு தினமும் தாமதமாகிறது, போர்டின் மணியைப் பார்க்கவும் என்று. 'சோதித்தோம், சரியாக உள்ளது' என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த வார்டின் இலவசப் படுக்கையில் அப்பாவு என்று ஒருவர் இருந்தார். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தவர், சாக்கடை சுத்தம் செய்பவர். சர்க்கரை நோய், சிறுநீரகமும் கெட்டிருந்தது. அவருக்குப் பன்னிரண்டு பத்துக்கு இன்சுலின், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் ஆபத்து. தாமதமான நாட்களில் சாந்தகுமாரி தன் பையிலிருந்து பிஸ்கட் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்.

ஒன்பதாம் நாள் பதினொன்றரைக்கு மேல் அவர் என் அறைக்கு இறங்கி வந்தார். மூன்று முறை போன் செய்தாராம், நான் எடுக்கவில்லை.

"சார், எங்க போர்டுல பன்னிரண்டே கால் தாண்டிட்டு. கிச்சன்ல இன்னும் பன்னிரண்டே ஆகல, சாப்பாடு இப்ப தரமாட்டோம்ங்கான். அப்பாவுவுக்கு ஊசி போட்டாச்சு. பிஸ்கட்டும் தீந்துபோச்சு. எந்த மணி சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் கிச்சன்ல பேசிக்கிடுவேன்."

"வெளியே உட்காருங்க சிஸ்டர். பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

என் திரையில் அவருடைய பதிவு இருந்தது: இன்சுலின், 12.10. உண்மையில் அதைப் போட்டபோது மணி பதினொன்று இருபத்தைந்து. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் உட்காரவில்லை, நின்றார். இரண்டு முறை மாடிக்குப் போகத் திரும்பினார். இரண்டு முறையும் நான் விரலைக் காட்டி 'ரெண்டு நிமிஷம்' என்றேன். பன்னிரண்டு இருபதுக்கு வார்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. அப்பாவு நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் இறந்தார்.

ஆள் ஓடி வந்த அன்றே, மாலைக்குள், நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்தேன். பதிவில் இருந்த 12.10ஐ 11.25 என்று திருத்தினேன். அதாவது, உண்மையான நேரத்தைத்தான் போட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஊசி போட்டதாகச் சாந்தகுமாரியைப் பிடித்தார்கள். போர்டைப் பார்த்துத்தான் போட்டேன் என்றார். போர்டு சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுவின் மனைவி விசாரணை அறிக்கையை என்னிடம்தான் கொண்டுவந்தார். தமிழ் தெரிந்தவன் நான்தானே. "இதுல என்னா எழுதியிருக்குதுங்க ஐயா?" என்றார். ஒவ்வொரு வரியாகப் படித்து, அர்த்தம் சொன்னேன். கேட்டு முடித்து, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்களே," என்றார். இயந்திரம் பொய் சொல்லாதும்மா என்றேன்.

ஊசி போட்டதும் சாந்தகுமாரி ஒரு சீட்டு அச்சடித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. அதில் 12.10 என்றே இருந்திருக்கிறது. அவருடைய வக்கீல் அதைக் கண்டுபிடித்தார். நீங்கள் வந்தீர்கள்.

நாற்பது நிமிடம் அவரை ஏன் நிறுத்தி வைத்தேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். வேறு வேலை எதுவும் இல்லை. மேலே என்ன நடக்கும் என்று தெரியும். எது சரியான மணி என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சொன்னால், கூட்டத்தில் அவர் சொன்னதும் சரி, இப்போது சொன்னதும் சரி என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அதைவிட மேலே ஒருவர் சாவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்பாவு மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.