சும்மா கிடந்த பலகை

சேட்டு எங்கை போகப்போகுது, இருக்கும். முதல்ல நீ உள்ளுக்கு வா விமல். வாசல்ல நிண்டுகொண்டு, "அண்ணி, அண்ணையின்ர வெள்ளைச் சேட்டும் நாரி நோவுக்குப் பூசிற மருந்தும் தாங்கோ, நான் போகவேணும்" எண்டு... நீ என்ன தபால்காரனோ? செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டு இறங்கின மனுசன். ஒரு போன் இல்லை. இப்ப தம்பியார் வாறார், கையில மந்தரின் தோடம்பழப் பையோட. நல்ல மரியாதை. நீ வேலை செய்யிற சியாகுல்லித் தோட்டத்துப் பழம் குடுத்தா எமிலியானா வாயை மூடுவாள் எண்டு அண்ணனும் தம்பியும் இருந்து யோசிச்சியள் போலை. வை, உதில வை. ...ம். இனிப்புத்தான்.

உந்தக் கதிரையில இருக்காதை, ஊசி கிடக்கு. அதிலையும் வேண்டாம், வெட்டின துண்டுகள். கட்டில்ல இருக்க ஏலாது, அது உனக்குத் தெரியும்தானே, கொண்ணர், அதுதான் உன்ர அருமை அண்ணை, உன்னட்ட வந்து ஒப்பாரி வைச்சிருப்பார். ஓம், மேசையில கிடக்கிற உதுதான். நல்லாப் பார். உந்தப் பலகைக்காகத்தான் ஒரு மனுசன் வீட்டை விட்டுப் போனவர். மற்ற வீடுகளில குடிச்சுப்போட்டுப் போகினம், இன்னொருத்தியோட போகினம். எனக்கு வாய்ச்சவர் அயன்பெட்டியாலை உடுப்பு மினுக்கிற பலகையோட கோவிச்சுக்கொண்டு போனவர். வெளியில சொல்லி அழவும் ஏலாது.

பிழை என்னிலையோ? நீயே சொல்லு. இல்லை, நீ சொல்லாதை, நான் சொல்லுறன். போன வருசம் மாதாவின்ர சுற்றுப்பிரகாரம் இந்தத் தெருவாலை வந்தது. இஞ்சத்தைச் சனம் என்ன செய்யும், வீட்டில இருக்கிற திறமான கட்டில் விரிப்பை எடுத்து பல்கனியில தொங்கவிடும், மாதா பாத்துக்கொண்டு போக. மேல்வீட்டு வெள்ளைக்காரச் சின்யோரா பட்டில பூவேலை செய்தது தொங்கவிட்டவ. முன்வீட்டு மாக்கிரட்டுக்கென்ன, வேலை செய்யிற வீட்டில குடுத்த லேஸ் விரிப்பு. நான் என்னத்தைத் தொங்கவிட? எங்களிட்ட இருந்தது அந்தப் புலிதான். அதுதான், அந்த மயிர்க் கம்பளி, முழுக்க ஒரு புலி முகம். நல்ல சூடு, நான் குறை சொல்லேல்லை. ஆனா மாதா கையைக் கூப்பிக்கொண்டு வாறா, மேலை நிண்டு புலி வாயைப் பிளந்துகொண்டு பாக்குது. சுவாமியாருக்குச் செபமாலையே ஒருக்கா நிண்டுபோச்சு.

கொண்ணர் மாதா சுருவம் வைச்ச கூட்டைத் தோளில தூக்கிக்கொண்டு வந்தவர். முன் வலப்பக்கம், அவரின்ர இடம், நீ அறிவாய்தானே. எங்கட வீட்டுக்குக் கீழ வந்தோடனை ஒருக்கா நிமிர்ந்து பாப்பார், அது வழக்கம். பாத்தார். பாத்த உடனை கால் தடக்குப்பட்டு, கூடு சரிஞ்சு, மாதாவின்ர கிரீடம் ஆடி... பின்னால நிண்ட ஜோக்கிம் தோளைக் குடுக்காட்டி நாங்கள் இந்த ஊரில இருந்திருக்கேலாது. மாக்கிரட் அதை வீடியோ எடுத்துக் குறூப்பில போட்டவ. கீழ ஒரு சிரிச்ச முகமும். அண்டைக்கே நினைச்சன், அடுத்த வருசம் என்ர மனுசன் நிமிர்ந்து பாக்கேக்கை பல்கனியில ஒரு மனுசத்தனமான சாமான் தொங்கவேணும் எண்டு.

அதுக்குத்தான் துண்டுப்போர்வை. சின்னச் சின்னத் துணியா வெட்டிப் பொருத்தித் தைக்கிறது. வீடியோவில ஒரு அமெரிக்கன் பொம்பிளை சொல்லித் தாறா. நல்ல மனுசி. அவவுக்குத் தைக்க ஒரு அறை, வெட்ட ஒரு அறை, மினுக்க ஒரு அறை. "வீட்டில சும்மா கிடக்கிறதை வைச்சுச் செய்யுங்கோ" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. அவவின்ர வீட்டில என்னென்ன சும்மா கிடக்குதோ. எங்கட வீட்டில சும்மா கிடந்தது கொண்ணரின்ர சேட்டுகள்தான்.

ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? போடாத சேட்டுகள். போட்டவர், இல்லையெண்டேல்லை, ஆனா விரும்பிப் போடேல்லை. அந்த நீலக் கோடு போட்டது, பார், ரெண்டாம் வரியில. அந்தச் சாம்பல் நிறம், ஓரத்தில. முந்தி ஒரு உடம்பில மட்டும் கிடந்தது, இப்ப தெருவே பாக்கப்போகுது. அதுக்கு ஒரு நன்றி இல்லை. அலுமாரியைத் திறந்துபோட்டு, "எமிலி, நான் வேலைக்கு என்னத்தைப் போட்டுக்கொண்டு போறது?" எண்டு கேக்கிறார். கேள்வியைப் பார். கட்டில்ல கிடக்கிற கிழவனைச் சம்பளத்துக்கு எழுப்பி இருத்தப் போறவருக்குச் சேட்டு ஒரு கேடு. அந்தக் கிழவனுக்குக் கண்ணும் தெரியாது.

இரு, பலகைக்கு வாறன். அவசரப்படாதை. கீழ லாப்பா நிக்குதோ? நிக்கட்டும், உன்ர முதலாளியின்ர மூண்டு சில்லு வண்டியை ஆர் தூக்கிக்கொண்டு போறது.

நான் வேலைக்குப் போற சின்யோரா வீட்டில இருவது வருசமா மினுக்கிறன். எனக்கு மினுக்கத் தெரியாதெண்டு ஆரும் சொல்லேலாது. ஆனா உந்தச் சாதாரண மினுக்கிற மேசை இருக்கே, கீரிமீன் மாதிரி ஒடுங்கல். ஒரு சேட்டுக் கைக்குக் காணும். போர்வையைப் போட்டா பாதி இந்தப் பக்கம் தொங்குது, பாதி அந்தப் பக்கம் தொங்குது. தொங்கிற பாரத்தில தையல் இழுபட்டு, சதுரமா வெட்டினதெல்லாம் கோணிப்போகுது. நாலு சதுரம் சந்திக்கிற மூலையைப் பாத்தா நாலும் ஒண்டோட ஒண்டு கதைக்காத சகோதரங்கள் மாதிரி நிக்குதுகள். அப்பத்தான் அந்தப் பொம்பிளை சொன்னா, ஒரு பெரிய பலகையை எடுத்து நீங்களே செய்யுங்கோ எண்டு.

செய்தன். வடிவாப் பார். அடியில பலகை. அதுக்கு மேலை பருத்திப் பஞ்சு ரெண்டு மடிப்பு. ஸ்பொஞ்ச் வைக்கக்கூடாது, சூட்டுக்கு உருகிப்போம். அதுக்கு மேலை சின்யோரா எறியச் சொல்லித் தந்த லினன் மேசைவிரிப்பு, தோச்சுச் சுருங்க விட்டு, பிறகு இழுத்துக் கட்டினது. ஸ்டேப்ளர் துவக்காலை கீழ்ப்பக்கம் அடிக்கவேணும். முதல்ல ஒவ்வொரு பக்கத்திலையும் நடுவில ஒண்டு, பிறகுதான் மூலைக்குப் போறது, இல்லாட்டிச் சுருக்கு விழும். தட்டிப் பார். தவில் மாதிரிச் சத்தம் வரும். இதில போட்டு அயன்பெட்டியை இழுக்கிறதில்லை, தூக்கித் தூக்கி வைச்சு அமத்திறது. கோணின மூலை எல்லாம் நேரா வந்தது. நான் தனியச் செய்தனான் விமல். ஒருத்தர் வந்து ஒரு மூலையைப் பிடிக்கேல்லை. ஒருத்தர் எண்டா ஆர், வீட்டில ஒருத்தர்தான் இருந்தவர், அவர் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பலகையையே பாத்துக்கொண்டிருந்தவர், ஏதோ செத்த வீட்டில பெட்டியைப் பாக்கிற மாதிரி.

பலகை எங்கை வாங்கினதோ? வாங்கேல்லை. கிடந்தது. ...எங்கை கிடந்ததெண்டா, இஞ்சைதான் கிடந்தது, வீட்டுக்குள்ள. சும்மா கிடந்தது.

சரி, மெத்தைக்குக் கீழ கிடந்தது.

அவரின்ர பக்கம். ஓம், டாக்டர் சொல்லித்தான் வைச்சது, எனக்குத் தெரியும், நான்தானே கடைக்குப் போய் அளந்து வெட்டுவிச்சனான். கிழவனைத் தூக்கித் தூக்கி நாரி விட்டுப்போச்சு, இடுப்பை நிமித்த ஏலாது, மெத்தை பள்ளம் விழுகுது, கீழ இறுக்கமா ஒண்டு வைக்கவேணும் எண்டு டாக்டர் சொன்னவர். வைச்சம். நாரி சுகப்பட்டது. சுகப்பட்ட பிறகு மருந்தை நிப்பாட்டிறேல்லையோ? அதுபோலைத்தான் பலகையும். மெத்தைக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு வேலையும் இல்லாமல் கிடக்குது. அளவு பாத்தா போர்வைக்கெண்டே வெட்டின மாதிரி. நீயெண்டாலும் எடுத்திருப்பாய்.

முதல் நாள் காலமை எழும்பேக்கை கையை நாரியில வைச்சுக்கொண்டு எழும்பினார். ரெண்டாம் நாள் கட்டில்ல இருந்து உருண்டு இறங்கினார். "இரவில எண்டாலும் பலகையைத் திருப்பி வையன்" எண்டார். எப்பிடி வைக்கிறது? பஞ்சு அமந்து போகும், துணி கசங்கும், பிறகு நான் காலமை ஒரு பலகையை மினுக்கிப்போட்டுத்தான் போர்வையை மினுக்கவேணும். நான் நல்லபடிதான் சொன்னன். டாக்டர் இறுக்கமான இடம் எண்டுதானே சொன்னவர், பலகை எண்டு சொல்லேல்லையே, நிலம் இறுக்கமில்லையோ, நிலத்தில படுங்கோ எண்டன். மாபிள் போட்ட நிலம். அதைவிட இறுக்கம் எங்கை தேடுறது? அதுக்கு ஒரு பார்வை பாத்தார். அந்தப் பார்வையைப் பாத்துக்கொண்டிருந்ததிலைதான் அயன்பெட்டியை ஒரே இடத்தில விட்டிட்டன். பார், லினனில நடுவில கருகி ஓட்டை விழுந்திட்டுது. அவர் பாத்தபடியாலைதான்.

பிறகென்ன, பையைத் தூக்கிக்கொண்டு உன்னட்ட வந்திட்டார்.

என்ன சொன்னவர்? ...இந்த வருசம் கூடு தூக்கமாட்டாராமோ.

ஆர் சொன்னது, அவரோ? ஜோக்கிமுக்குச் சொல்லியும் போட்டாரோ? ஜோக்கிம் ஓமெண்டுதானே சொல்லியிருப்பான். போன வருசம் தோளைக் குடுத்ததில இருந்து அந்த இடத்தைத்தான் பாத்துக்கொண்டு திரியிறான். புதுச் சப்பாத்தும் வாங்கிப்போட்டான் எண்டு கேள்வி. வெள்ளிக்கிழமையாச்சு நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பிரகாரம். நான் இதை ஆருக்குத் தைச்சனான் விமல்? கீழை ஜோக்கிம் நிமிர்ந்து பாக்கவோ?

பாரன் நீயும், சுருவம் மாதிரி நிக்கிறாய். ஒரு வார்த்தை கதைக்காதை. அண்ணன்காரனும் இப்பிடித்தான், நாரி முறிஞ்சாலும் வாய் திறக்கமாட்டார். உரத்து ஒருக்கால் "பலகையைத் தாடி" எண்டு கேட்டிருந்தா நான் குடுத்திருப்பன். குடுத்திருப்பனோ தெரியாது. ஆனா சண்டையெண்டாலும் பிடிச்சிருக்கலாம்.

இரு, தேத்தண்ணி போடுறன். குடிச்சிட்டுப் போ. குசினியில இருந்தாலும் எனக்குக் கேக்கும், நீ கதைச்சாத்தானே. மருந்து உந்த அலுமாரித் தட்டில இருக்கு, எடு. வெள்ளைச் சேட்டு கதவுக்குப் பின்னால. அதை நான் வெட்டேல்லை. என்னெண்டு நினைச்சியள் என்னை? கூடு தூக்கிற சேட்டை வெட்டுவனோ? பலகை செய்து முடிச்சு முதல்முதல் மினுக்கினதே அதைத்தான். கொலறைப் பார், கத்தி மாதிரி நிக்கும். அவருக்குச் சொல்லேல்லை. எல்லாத்தையும் சொல்லிக்கொண்டிருக்க ஏலுமோ... சீனி எத்தினை கரண்டி? விமல். உனக்குச் சீனி போடுறதோ இல்லையோ... என்னத்தை உருட்டுறாய் அங்கை? அயன்பெட்டி சூடு, கவனம். விமல்...

எங்கை இவன்.

...அட. போர்வையை மடிச்சு வைச்சிருக்கிறான், அதுவும் ஒரு மடிப்பு. அயன்பெட்டியையும் கழட்டிப்போட்டான். மருந்தும் போச்சு. பலகை...

விமல். டேய் விமலராஜ். மேலை பார், பல்கனியில. ஓம், நான்தான். அதை வண்டியில நிமித்தி வைக்காதை, காத்துக்குப் பறக்கும், கிடத்திக் கயிறு போடு. உதுக்குத்தான் வந்தனியோ? சேட்டு, மருந்து எண்டு என்ன நடிப்பு. பழத்தையும் தந்து... பஞ்சுப்பக்கம் மேலை வரத்தக்கதா மெத்தைக்குக் கீழ வைக்கவேணும், கேட்டதோ? ஸ்டேப்ளர்ப் பக்கம் மேலை வந்தா மெத்தையைக் கிழிச்சுப்போடும். ரெண்டு இரவு படுத்தாரெண்டா எழும்பிடுவார், அவரின்ர உடம்பு எனக்குத் தெரியும். ஜோக்கிமுக்கு நான் சொல்லுறன், சப்பாத்தைப் பெட்டியில வை எண்டு.

சேட்டோ? விட்டிட்டுப் போறாய், ஓம். தரமாட்டன். வந்து போட்டுக்கொண்டு போகச் சொல்லு. ஆரும் எடுத்துக்கொண்டு வரத் தேவையில்லை, நீயும் வரத் தேவையில்லை.

போர்வைக்கென்ன. இன்னும் பாதி மினுக்கக் கிடக்கு. நிலத்தில விரிச்சு முழங்காலில நிண்டு மினுக்கிறன். மாபிள் நிலம், நல்ல இறுக்கம், நான்தானே சொன்னனான். வேற ஆர் செய்யிறது.

விமல், இன்னொண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டுக்குக் கீழ வரேக்கை நிமிர்ந்து பாக்க வேண்டாமெண்டு சொல்லு அவருக்கு. காலைப் பாத்து நடக்கட்டும். போர்வையைப் பிறகு வீட்டை வந்து பாக்கலாம்.