காலில் பூத்த கவரு

மரச்சீனிக் கிழங்கை அவித்தால் தோலைத் தூரப் போடாதீர்கள் சார். அதைக் கருக்கிப் பக்குவம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள் கிடைக்கும். நீல டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். அதில் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிக் களிம்பாக்கிப் புண்ணில் தடவினால், மருந்து இறங்க இறங்க ஒளி மங்கும். நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் நான்கு வருடமாக நான் செய்தது இதைத்தான்.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டேன். முயல் போதும் என்றார்கள். முயலின் புண்ணும் சர்க்கரைக்காரரின் கால் புண்ணும் ஒன்றல்ல. எரிச்சலாக இருந்தது.

காஞ்சிரங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர் பிரான்சிஸ்கா அக்கா. பொழியூர்க்காரர். அவர் கணவர் கிளீட்டஸ் அண்ணனுக்குக் கடல்சுவர்க் கல்லில் உள்ளங்கால் கிழிந்திருந்தது. சர்க்கரையும் உண்டு. நானே களிம்பு கொண்டுபோய்த் தடவினேன். வேறு மருந்து கலந்தால் முடிவு தெளிவாக வராது. அதனால் ஆசுபத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

தினமும் சாயங்காலம் போவேன். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்துப் படம் எடுப்பேன். அண்ணனுக்கு அந்த வெளிச்சம் ரொம்பப் பிடித்தது. கடல் நீர் ராத்திரியில் ஒளிர்வதை மீன்பிடிக்கிறவர்கள் கவரு பூத்தது என்பார்கள்.

"கடல்ல கவரு பூத்தா அடியில மீனு உண்டாக்கும். எனக்க காலுலயும் பூத்துக் கிடக்குது பாரு, பின்சி டீச்சரே. அடியில மருந்து உண்டு."

அவராகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒளி மங்கினால்தான் மருந்து இறங்குகிறது என்று அர்த்தம். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோவார்.

அம்பூரியில் ரப்பர் வெட்டும் ராஜையா என்பவருக்கும் அதே வாரம் தடவ ஆரம்பித்தேன். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் காலில்தான் புண். அவருடைய ஒளி ஐந்தாம் நாளே மங்கியது. பன்னிரண்டாம் நாள் புண் மூடிக்கொண்டது. கிளீட்டஸ் அண்ணனுக்கு மங்கவே இல்லை. மங்காது. அவருக்குத் தடவியது மருந்து ஏற்றாத வெறும் களிம்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் நிற்காது சார்.

பதினைந்தாம் நாள் பிரான்சிஸ்கா அக்கா ஜன்னலைச் சாத்த விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாத்தம் வருது மக்கா. ஆசுபத்திரிக்கு கொண்டு போவட்டா?"

அண்ணனே அவரைத் தடுத்தார். "சும்மா கெட. கவரு இன்னும் கெடக்குல்லா?"

இன்னும் ஆறு நாள் பார்க்கலாம் என்றேன். இருபத்தொன்றாம் நாள் படம் இல்லாமல் கட்டுரை முழுமையாகாது. அந்த இருபத்தொன்றாம் நாள் கணுக்கால்வரை கறுத்திருந்தது. அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்று கோணத்தில் படம் எடுத்துவிட்டு ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். பாறசாலை ஆசுபத்திரி வருமுன் இறந்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர்.

மருந்து ஏற்றிய களிம்புக் குழாய் என்னிடம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருபத்தொரு நாளும் என் பையில் இருந்தது. மறந்தும் அண்ணனுக்குத் தடவிவிடக் கூடாதென்று அதில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தேன். நீங்கள் இந்த வாக்குமூலத்தில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள் சார். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.