காதைச் சுற்றிய குமிழிகள்

அந்த வெள்ளிக்கிழமை கேக் என் முறை. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே உருகிக் கிடக்கும் கேக்கைக் கப்பல் சமையலறையில் நானே சுட்டேன். ரெகிட்சே இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஆகவே அவள்மேல் எனக்கு விரோதம் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

என் வேலை குமிழித்திரை. காற்றாலைத் தூணை வடகடலின் அடியில் அறையும்போது, சம்மட்டிச் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் ஓடும். தூணைச் சுற்றித் துளையிட்ட குழாயை வளையமாகப் போட்டுக் காற்றைச் செலுத்தினால் குமிழிகள் சுவராக எழும்பும். தண்ணீரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து தண்ணீருக்கும் தாவித் தாவியே சத்தம் களைத்துப்போகும். அழகான ஏற்பாடு. தூரத்தில் ஒலிமானி ஒன்று நீருக்குள் தொங்கும். அது வரம்பைத் தாண்டினால் வேலை நிற்கும்.

எல்லாம் கடற்பன்றிகளுக்காக. டால்பினுக்குக் குட்டையான உறவு. கலங்கிய நீரில் ஒலியெழுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கீழ்த்தாடை வழியே கேட்டுத்தான் அது மீன் பிடிக்கும். காது போனால் பட்டினிதான்.

ஜூனில், அவை குட்டி போடும் காலத்தில், குழாய் கிழிந்தது. தள மேலாளர் பிரெபென் வந்தார்.

"டோர்கில், கப்பல் சும்மா நிக்குது. குமிழி உண்டா, இல்லையா?"

"குழாய் கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கு."

"அத வெச்சு என்னவாவது பண்ணு. என்ன பண்ணேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

மிஞ்சிய துண்டு தூணைச் சுற்றப் போதவில்லை. ஒலிமானியைச் சுற்றத் தாராளமாகப் போதும்.

யோசித்துப் பாருங்கள், இயற்பியல் ஒன்றுதான். சத்தம் புறப்படும் இடத்தில் தடுப்பதற்குப் பதிலாக, கேட்கப்படும் இடத்தில் தடுத்தேன். மானி நிம்மதியாக இருந்தது. பிரெபென் அதைவிட நிம்மதியாக இருந்தார்.

ரெகிட்சே மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்று கடல் விலங்குகளைக் கண்காணிப்பவள். சாப்பாட்டு மேசைக்கு முகம் வெளுத்து வந்தாள்.

"குட்டி ஒன்னு செத்து மிதக்குது. தாய் பக்கத்துலயே போறா, அது அங்க இருக்கறதே அவளுக்குத் தெரியல. டோர்கில், உன் மானி காதுல பஞ்சு அடைச்சிருக்கா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சற்று அதிகமாகவே சிரித்தேன்.

வேலையை நிறுத்தச் சொன்னாள். பிரெபென் மானியின் அளவுகளை மேசையில் விரித்தார். "இது பொய் சொல்லுதா, இல்ல இந்தம்மா சொல்றாளா? நீயே சொல்லு, டோர்கில்."

ரெகிட்சே என்னைப் பார்த்தாள். அவள் வேலை அப்போது என் வாயில் இருந்தது.

"கருவி நல்லாத்தான் இருக்கு," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வீண் பீதி கிளப்பியதாக அவளைக் கரைக்கு அனுப்பினார்கள். இனி எந்தக் கப்பலிலும் அவளை ஏற்ற மாட்டார்கள். அந்தக் கேக் அவளை வழியனுப்பத்தான். ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுவாரம் எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து புதுக் குழாய் வந்தது. தூணைச் சுற்றிப் போடும் நீளம். அதைச் சுருட்டியபடியே பின்தளத்தில் வைத்தேன். பெரிய வளையத்துக்குக் காற்றழுத்தும் இயந்திரங்கள் வரிசையாக ஓட வேண்டும்; சின்ன வளையத்துக்கு ஒன்றே போதும். எவ்வளவு டீசல் மிச்சம், எவ்வளவு புகை குறைவு. சுற்றுச்சூழலை நினைக்காதவன் இதையெல்லாம் பார்ப்பானா? மீதித் தூண்கள் அத்தனையும் அப்படித்தான் இறங்கின. கரையில் நீங்கள் பொறுக்கிய கடற்பன்றிகளின் வயிறு காலியாக இருந்தது என்கிறீர்கள். இருக்கும்.

இதை மட்டும் தெளிவாகப் பதிந்துகொள்ளுங்கள்: என் பொறுப்பில் ஒருநாளும் சத்தம் வரம்பைத் தாண்டியதில்லை.