உமிக் குவியலில் நின்ற கார்

புதுவயலில் பஸ் ஏறிய அந்த மெக்கானிக்கின் கையெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் உமி. எனக்கு முன்னால் இருந்த சீட்டில் அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்த தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"உமியை அள்ளாமப் போட்டு வச்ச மில்லுக்காரர் நல்லா இருக்கணும்."

"என்ன ஆச்சு? எங்க போயி விழுந்தீக?"

"முதலாளியோட பழைய ரேஸ் காருக்கு ஜீப் இன்ஜினை மாட்டுனேன்ல? மிதிச்சதும் பறந்துருச்சு. அந்தச் சின்னப் பிரேக்குக்கு அடங்கவே இல்லை. மில்லு வாசல்ல கெடந்த உமிக் குவியல்ல சொருகித்தான் நின்னுச்சு."

"பிரேக்கை மாத்தாமயா எடுத்தீக?"

"பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் பொறக்குது, அதுக்குள்ள வண்டியை வெளிய எடு, பிரேக்கைப் பொறகு பாத்துக்கலாம்னாரு."

"ஐயோ, அவருக்கு அடியா?"

"பக்கத்துலதான் இருந்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. வாயில இருந்த உமியைத் துப்பிட்டு, 'இன்ஜின் நல்லா இழுக்குதுப்பா'ன்னாரு."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுச் சிரித்தபடி, அவர் தலையிலிருந்து உமியைப் பொறுக்கத் தொடங்கினார்.

"பிரேக்கை எப்ப மாத்தப் போறீக?"

"நாளைக்கு. நல்ல நேரம் பாக்கவான்னு கேட்டேன். ராகுகாலமா இருந்தாலும் மொதல்ல மாத்துப்பான்னுட்டாரு."