சளி டப்பாவின் மூடி

டாக்டரய்யா, எனக்கு ஜீப்புச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். உங்கள் ஜீப் கண்மாய்க்கரை ஏறும்போதே சொல்லிவிடுவேன். என் எருமைக்கும் தெரியும். சத்தம் கேட்டதும் எழுந்து, பக்கத்து வீட்டுச் சோலையப்பனைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளும். என் வைக்கோலைத் தின்கிற எருமை.

சோலையப்பன் என் தங்கை அழகியைக் கட்டியவன். அவனுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை தின்றால் குணமாகுமா என்று ஆராய நீங்கள் வந்தீர்கள். அதுவரை வல்லத்திராக்கோட்டைக்கு வந்த சர்க்கார் ஆட்கள் வரி கேட்டார்கள். நீங்களோ அவனிடம், தூங்கினானா, பசித்ததா என்று கேட்டீர்கள். அவன் இருமினால் நின்று கவனித்தீர்கள். நானும் இருமிப் பார்த்தேன். பீடியைக் குறைக்கச் சொன்னீர்கள்.

அவன் வேலியோரம் வந்து, "மச்சான், எஞ் சளி மெட்ராசுக்குப் போகுது. நீங்க திருச்சியவே பாத்ததில்லையே" என்றான். விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்தேன். சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, புழங்குகிற சொந்தக்காரர்களுக்கும் சோதனை என்று எனக்கும் சளி துப்ப ஒரு டப்பா கொடுத்தீர்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டியிருந்தீர்கள். டப்பாவில் ஒட்டியிருக்கலாம், அது உங்கள் ஆபீசுக் காரியம், நான் குறை சொல்லவில்லை. இரண்டு டப்பாவையும் ஜீப்புக்குக் கொண்டுவந்தவன் நான். வழியில் வேப்பமரத்தடியில் மூடிகளை மாற்றிப் போட்டேன். வேறெதையும் தொடவில்லை.

அப்புறம், நோய் எனக்குத்தான் என்று மாத்திரையோடு ஜீப் என் வாசலில் நின்றது. என் வீட்டுக்காரி மூக்காயி புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசல் பெருக்கினாள். எருமைகூட நேராக நின்றது. சோலையப்பனுக்குக் குணம் என்று மாத்திரையை நிறுத்தினீர்கள். அவன் அய்யனாருக்குப் பொங்கல் வைத்தான். நானும் போய்ச் சாப்பிட்டேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

ஒவ்வொரு சோதனைக்கும் மூடியை மாற்றினேன். தொடங்கிய காரியத்தைப் பாதியில் விடக்கூடாது. டவுனுக்கு வந்து நெஞ்சைப் படமெடுக்கச் சொன்னீர்கள். அறுப்பு வேலை, நாங்கள் இரண்டு பேரும் வர முடியாது என்று அவனுக்கும் சேர்த்து நானே சொல்லி, உங்கள் அலைச்சலைக் குறைத்தேன்.

மாசியில் அவன் ரத்தமாக இருமினான். அழகி வேலியோரம் வந்தாள். "அண்ணே, ஒங்க மாத்திரையில கொஞ்சம் குடுங்கண்ணே. அவுகளுக்கு முடியல." மாத்திரை அத்தனையும் அடுக்குப்பானையில் பத்திரமாக இருந்தது. நோயில்லாதவன் அதைத் தின்னக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அது என் பெயருக்கு வந்தது. ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று சொல்லி அனுப்பினேன். அவளும் படிக்காதவள், கேட்டுக்கொண்டாள்.

இப்போது, அவன் செத்த மறுவாரமே என் சளி சுத்தமானது எப்படி, இப்படிக் குணமானவனை எங்குமே பார்த்ததில்லை, என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். கம்மங்கூழ்தான். மற்றதெல்லாம் இதுவரை சொன்னதுதான். மச்சானைக் கொன்றவன் நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமையால் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரே ஒரு வருத்தம்தான். அவனைத் தூக்கிய அன்று உங்கள் ஜீப் வந்தது. உங்கள் நோயாளி நான், உயிரோடு, சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் நிற்கிறேன். நீங்கள் இறங்கி அவன் வீட்டுக்குப் போனீர்கள்.